நன்னீர் மீன்கள் எப்படி மாறுகின்றன, புதிய இனம் எப்படிப் பிறக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரிணாமம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது டைனோசர் எலும்பும் கோடிக்கணக்கான ஆண்டுகளும்தான். ஒரு மனிதர் தன் வாழ்நாளிலேயே பார்த்துவிடக்கூடிய பரிணாமமும் உண்டு. அது ஏரிகளிலும் குளங்களிலும் இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மீன்களைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே திரட்டிப் பதில் எழுதியிருக்கிறேன். உயிரியல் படித்திருக்க வேண்டியதில்லை. டி.என்.ஏ. என்பது உடலைக் கட்டும் குறிப்பு, அதில் ஒரு வேலைக்கான பகுதி ஒரு மரபணு, அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும். இவ்வளவு தெரிந்தால் போதும்.

கடல் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது ஏன் நன்னீர் மீன்களைப் பிடித்துக்கொண்டு ஆராய்கிறார்கள்?

உலகின் மொத்த நீரில் ஆறு, ஏரி, குளங்களில் இருப்பது ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆனால் பெயர் சூட்டப்பட்ட மீன் இனங்களில் கிட்டத்தட்ட பாதி அந்தக் கொஞ்ச நீரில் வாழ்கின்றன. கடல் முழுக்க ஒன்றோடொன்று சேர்ந்தது. ஏரி அப்படியில்லை. ஒவ்வோர் ஏரியும் நிலத்தால் சூழப்பட்ட ஒரு தீவு. அதில் மாட்டிக்கொண்ட மீன் அங்கேயே பிழைத்தாக வேண்டும், அங்கே இருப்பதோடுதான் இணைசேர வேண்டும். ஒரே மூதாதை நூறு ஏரிகளில் தனித்தனியாகப் போய்ச் சேர்ந்தால், இயற்கையே ஒரு சோதனையை நூறு முறை செய்துகாட்டியது போல. ஆராய்ச்சியாளருக்கு இதைவிட என்ன வேண்டும்?

தகவமைப்பு என்றால் மீன் தேவைக்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்வதா?

இல்லை. இந்த ஒன்றில்தான் பெரும்பாலானோர் தடுமாறுகிறார்கள், பாடப்புத்தகம் படித்தவர்கள் உட்பட. எந்த மீனும் தன் மரபணுவைத் தானே மாற்றி எழுதிக்கொள்வதில்லை. ஒரு குளத்தில் ஆயிரம் மீன் இருந்தால் ஆயிரமும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்டிருக்கும். அந்தக் குளத்துக்கு ஒத்துப்போகிறவை கூடுதலாகக் குஞ்சு விடும், மற்றவை குறைவாக விடும். பத்துத் தலைமுறை கழித்துப் பார்த்தால் குளத்திலுள்ள கூட்டத்தின் சாயலே மாறியிருக்கும். தனி மீன் மாறவில்லை, கூட்டத்தில் எந்த மரபணு வடிவம் எவ்வளவு என்ற கணக்கு மாறியிருக்கிறது.

ஸ்டிக்கில்பேக் என்ற பெயர் இந்தத் துறையில் அடிக்கடி வருகிறதே, அது என்ன மீன்?

விரல் நீளம்கூட முழுதாக இல்லாத சின்ன மீன். முதுகில் மூன்று முள், வயிற்றுப் பக்கம் இடுப்பிலிருந்து இரண்டு முள். பூமியின் வடபாதியிலுள்ள குளிர்ந்த கடல்களிலும் அந்தக் கரையோர ஆறு, ஏரிகளிலும் வாழ்கிறது. சாப்பாட்டுக்கு உதவாது. ஆனாலும் பரிணாமத்தின் மரபணுக் கதையை இவ்வளவு தெளிவாகச் சொன்ன மீன் வேறு ஏதும் இருக்கிறதா என்று எனக்குச் சந்தேகம்தான்.

இதற்குச் செதில் கிடையாது. பதிலாக விலாவில் எலும்புத் தகடுகள். எலும்பைச் சிவப்பாக்கும் சாயத்தில் ஊறவைத்த இரண்டு மீன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கடல் மீனில் செவுள் மூடி தொடங்கி வால் வரைக்கும் சிவந்த பட்டைகள், ஓலை முடைந்தது போல ஒன்றின் மேல் ஒன்று, பக்கத்துக்கு முப்பதுக்கு மேல். ஏரி மீனில் முள்ளுக்குக் கீழே ஏழெட்டுப் பட்டை, அதோடு சரி. அதற்குப் பின்னால் வால் வரை வெறும் தோல்.

கடைசிப் பனிக்காலம் முடிந்து, சுமார் 12,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் உருகிப் பின்வாங்கியபோது அலாஸ்கா, கனடா, ஸ்காட்லாந்து, நார்வே என்று எங்கும் புதிய ஏரிகள் உண்டாயின. கடலிலிருந்து இந்த மீன் ஒவ்வொன்றிலும் தனித்தனியாக நுழைந்தது. ஒன்றையொன்று பார்த்தே இராத அந்த ஏரிகளில் மறுபடி மறுபடி தகடுகள் குறைந்தன.

அத்தனை ஏரிகளிலும் ஒரே மாதிரி மாறியது எப்படி? அதே பிறழ்வு, அதாவது டி.என்.ஏ.வில் வரும் மாற்றம், அத்தனை முறையும் தற்செயலாக வந்ததா?

வரவில்லை. அது ஏற்கெனவே கடலிலேயே இருந்தது.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேவிட் கிங்ஸ்லியின் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வு இதற்கான மரபணுவைக் காட்டியது. அதன் பெயர் ஈடிஏ. தகடு குறைந்த மீன்களிடம் இந்த மரபணுவின் வேறு ஒரு வடிவம் இருக்கிறது. உலகின் வெவ்வேறு மூலைகளிலுள்ள ஏரி மீன்களில் அந்த வடிவத்தை ஒப்பிட்டால், பெரும்பாலும் எல்லாம் ஒரே மூலத்திலிருந்து வந்த உறவுக்காரர்கள். பனிக்காலம் முடிவதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே தோன்றிய பழைய வடிவம் அது. கடல் மீன்களில் மிகச் சிலவற்றிடம், தாயும் தந்தையும் தரும் இரண்டு பிரதிகளில் ஒன்றில் மட்டும், வெளியே தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. அப்படி ஒரு மீன் ஏரிக்குள் வந்தால் அந்த வடிவம் அங்கே செழிக்கிறது. பிறகு ஏரி மீன் எப்போதாவது கடல் மீனோடு கலக்கும்போது மறுபடி கடலுக்குத் திரும்புகிறது. பாட்டி பெட்டியில் பூட்டி வைத்த பழைய நகையை, வேண்டிய தலைமுறை எடுத்துப் போட்டுக்கொள்வது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயம் மனதில் நிற்க வேண்டுமென்றால் அது இதுதான் என்பேன். வேகமான பரிணாமம் பெரும்பாலும் புதுப் பிறழ்வுக்காகக் காத்திருப்பதில்லை. பழையதை எடுத்துப் புது விதமாகச் சேர்க்கிறது. கீழே வரும் ஆப்பிரிக்க மீன்களிலும் இதையே பார்ப்பீர்கள்.

தகட்டை இழப்பதில் மீனுக்கு என்ன லாபம்?

கடலில் ஒளிய இடமில்லை, கவசம் வேண்டும். ஏரியில் செடி கொடி உண்டு, ஒளியலாம். நன்னீரில் கால்சியமும் குறைவு, எலும்பு வளர்ப்பது செலவு பிடித்த வேலை. தகடு குறைந்த குஞ்சுகள் நன்னீரில் வேகமாக வளர்வதைச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். குளிர் நாட்டில் குளிர்காலம் வருவதற்குள்ளேயே பெரிதாகிவிட்ட குஞ்சுக்குப் பிழைக்கும் வாய்ப்பு கூடுதல்.

இந்த மரபணு மனிதர்களிடமும் உண்டா?

உண்டு. மனிதரில் ஈடிஏ கெட்டுப்போனால் பற்கள் பல முளைப்பதில்லை, முடி மெலிந்துபோகிறது, வியர்வைச் சுரப்பிகள் சரியாக உருவாவதில்லை. மீனின் தகடு, நம் பல், முடி, வியர்வைச் சுரப்பி எல்லாமே தோலிலிருந்து எழுபவை என்பதை யோசித்துப் பார்த்தால் வியப்பு குறையும். சிந்துப் பகுதியில் வாழ்ந்த ஓர் இந்துக் குடும்பத்தைப் பற்றி 19ஆம் நூற்றாண்டிலேயே டார்வின் எழுதியிருக்கிறார். நான்கு தலைமுறைகளில் பத்து ஆண்களுக்குப் பற்கள் மிகக் குறைவு, வெயில் காலத்தில் தோல் வறண்டு அவதிப்பட்டார்கள், பெண்களுக்கு இது வரவில்லை, ஆனால் தங்கள் மகன்களுக்குக் கடத்தினார்கள் என்று. இன்று அது எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஈடிஏ மரபணுவின் கோளாறு என்று தெரிகிறது. சிந்துவின் அந்த மனிதர்களும் கனடாவின் ஏரி மீனும் ஒரே மரபணுவின் இரண்டு கதைகள்.

ஒரு மரபணு பல வேலை பார்க்கும் என்றால், அதை மாற்றுவது மீனுக்கே ஆபத்து இல்லையா?

ஆபத்துதான். அதனால்தான் இயற்கை பெரும்பாலும் மரபணுவை விட்டுவிட்டு அதன் சுவிட்சை மாற்றுகிறது.

ஸ்டிக்கில்பேக்கின் இடுப்பு முள்ளைப் பாருங்கள். சில ஏரிகளில் அது அடியோடு இல்லை. காரணம் பிட்எக்ஸ்1 என்ற மரபணு. இது இடுப்பை மட்டும் கட்டுவதில்லை, தாடையையும், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியையும் கட்ட வேண்டும். எலியில் இந்த மரபணுவை முழுதாக நீக்கினால் குட்டி பிழைப்பதில்லை. அப்படியானால் முள் இல்லாத மீன் எப்படி உயிரோடு நீந்துகிறது?

மரபணுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு வெளியே, “இடுப்பில் வேலை செய்” என்று சொல்லும் ஒரு துண்டு டி.என்.ஏ. இருக்கிறது. அது அறுந்து விழுந்திருக்கிறது. வீட்டில் ஒரே மின் இணைப்பு, அறைக்கு ஒரு சுவிட்ச். படுக்கையறைச் சுவிட்சைப் பிடுங்கினால் சமையலறை விளக்கு அணையாது. கிங்ஸ்லியின் குழு 2010இல் இந்தத் துண்டை அடையாளம் கண்டு, அதை மரபணுவோடு சேர்த்து, முள் இல்லாத மீனின் முட்டையில் செலுத்தியது. இடுப்பெலும்பும் முள்ளும் திரும்ப வளர்ந்தன. ஏரியில் பல்லாயிரம் ஆண்டுகள் இல்லாமல் போன உறுப்பு ஆய்வகத் தொட்டியில் ஒரு தலைமுறையில் வந்துவிட்டது!

இந்தத் துண்டு வெவ்வேறு ஏரிகளில் தனித்தனியாக அறுந்திருக்கிறது. அதாவது இங்கே ஈடிஏ போலப் பழைய சேமிப்பு இல்லை, புதுப் பிறழ்வுதான். ஏன் அதே இடத்தில் அடிக்கடி அறுகிறது என்பதற்கும் விடை கிடைத்தது. டி.என்.ஏ.வின் எழுத்துகளில் டி, ஜி இரண்டும் மாறி மாறி நீளமாக வரும் பகுதி அது. அந்த இடத்தில் டி.என்.ஏ.வின் முறுக்கே திரிந்துபோகிறது, எளிதில் உடைகிறது. பழைய கயிறு முறுக்கு தளர்ந்த இடத்தில் அறுவது போல.

கடல் மீன் நன்னீருக்கு வர உப்பைச் சமாளித்தால் போதும் அல்லவா?

போதாது. சாப்பாட்டையும் சமாளிக்க வேண்டும். மீன் எண்ணெய் மாத்திரை விளம்பரங்களில் ஒமேகா 3 என்று கேட்டிருப்பீர்கள். அதில் டிஎச்ஏ என்ற கொழுப்பு மூளைக்கும் கண்ணுக்கும் அவசியம். கடல் உணவில் அது தாராளமாகக் கிடைக்கிறது, நன்னீர் உணவில் மிகக் குறைவு. நன்னீரில் வாழ வேண்டுமானால் மீன் அதைத் தன் உடலிலேயே தயாரிக்க வேண்டும். ஜப்பானில் அசனோ இஷிகாவா, ஜுன் கிட்டானோ ஆகியோரின் குழு 2019இல் காட்டியது இது: நன்னீருக்குக் குடியேறிய ஸ்டிக்கில்பேக்குகளிடம் டிஎச்ஏ தயாரிக்கும் ஃபேட்ஸ்2 மரபணுவின் பிரதிகள் கூடுதலாக இருக்கின்றன. பிரதிகள் குறைவாக உள்ள ஜப்பான் கடல் வகை நன்னீரில் குடியேறவே இல்லை. அந்த மீனுக்குக் கூடுதல் பிரதியைச் செலுத்தி, டிஎச்ஏ இல்லாத உணவு கொடுத்து வளர்த்தபோது முன்பைவிட அதிகமான குஞ்சுகள் பிழைத்தன. எழுத்தே மாறவில்லை. ஒரே பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து இரண்டாக வைத்ததுதான் மாற்றம்.

இதெல்லாம் நடக்க எவ்வளவு காலம் ஆகும்?

சில சமயம் பத்துப் பதினைந்து ஆண்டு.

அலாஸ்காவில் லோபெர்க் என்றொரு ஏரி. தூண்டில் மீன்பிடிப்புக்காக 1982இல் அதில் மருந்து கலந்து இருந்த மீன்களையெல்லாம் கொன்றார்கள். பிறகு கடலிலிருந்து ஸ்டிக்கில்பேக் தானாக ஏறி வந்தது. 1990இல் பிடித்துப் பார்த்தபோது நூற்றுக்கு 96 மீன்கள் முழுத் தகட்டோடு இருந்தன. 2001இல் நூற்றுக்கு 75 மீன்கள் தகடு குறைந்தவை. மைக்கேல் பெல் என்ற ஆய்வாளர் ஆண்டுதோறும் போய் எண்ணிக்கொண்டே இருந்ததால்தான் இது நமக்குத் தெரியும். வேறு வார்த்தையில் சொன்னால், ஒரு பிள்ளை பள்ளியில் சேர்ந்து முடிப்பதற்குள்.

திரும்பியும் போகும். சியாட்டில் நகருக்குப் பக்கத்திலுள்ள வாஷிங்டன் ஏரியில் முன்பு கழிவுநீர் கலந்து, கைநீளத்துக்கு மேல் உள்ளே தெரியாது. 1960களில் கழிவைத் திருப்பிவிட்டதும் நீர் தெளிந்து ஏழு மீட்டர் ஆழம் வரை தெரிய ஆரம்பித்தது. தெளிந்த நீரில் டிரவுட் மீனின் கண்ணுக்கு ஸ்டிக்கில்பேக் தெளிவாக அகப்பட்டது. விளைவு, 1960களின் இறுதியில் நூற்றுக்கு 6 ஆக இருந்த முழுத் தகட்டு மீன்கள் 2005இல் 49 ஆகிவிட்டன. நகராட்சி சாக்கடையைத் திருப்பியது, மீன் கவசத்தைத் திரும்பப் போட்டுக்கொண்டது.

சரி, மாற்றம் புரிகிறது. எப்போது அது தனி இனம் ஆகிறது?

ஒன்றோடொன்று கலப்பது நின்றுபோகும்போது, அல்லது கலந்தாலும் அந்தக் கலப்புப் பிள்ளைகள் தேறாதபோது. “வேறு வேறு இனம் இணைசேர்ந்தால் குட்டி பிறக்காது, பிறந்தாலும் மலடு” என்று நாம் படித்தது கழுதைக்கும் குதிரைக்கும் சரி. மீன்களிடம் அது அப்படியே பொருந்தாது. கட்லாவும் ரோகுவும் தனி இனங்கள். ஆற்றில் அவை கலப்பது அபூர்வம். ஆனால் குஞ்சுப் பண்ணையில் ஊசி போட்டு ஒரே தொட்டியில் விட்டால் கலக்கும், பிறக்கும் குஞ்சும் மலடாக இருக்காது. பிட்யூட்டரி சாற்றை ஊசியாகப் போட்டு இந்தியக் கெண்டைகளை முட்டையிட வைக்கும் முறையை ஹீராலால் சௌத்ரி 1957இல் காட்டினார். நம் ஊர்க் குளங்களுக்குக் குஞ்சு கிடைப்பதே அந்த முறையால்தான். கவனமில்லாத பண்ணைகளில் தாய் மீன்களே கலப்பாக இருப்பது அதன் இன்னொரு விளைவு. தூய தாய் மீனைப் பேணுவது வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கும் பண்ணைக்காரர்கள் உண்டு. அது தவறு. ஆறு பல லட்சம் ஆண்டு பிரித்து வைத்ததை ஒரு சிமென்ட் தொட்டி சில பருவங்களில் சேர்த்துவிடும்.

அப்படியானால் இயற்கையில் இனங்களைப் பிரித்து வைத்திருப்பது எது?

இடம், உணவு, துணை தேடும் ருசி. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் டெக்ஸாடா தீவிலுள்ள பாக்ஸ்டன் ஏரி சின்ன ஏரிதான். அதில் இரண்டு வகை ஸ்டிக்கில்பேக். ஒன்று பருமனானது, அகன்ற வாய், கரையோரம் அடிமண்ணில் புழு பூச்சி தின்னும். இன்னொன்று ஒல்லி, நடு ஏரியில் நீரில் மிதக்கும் சின்னஞ்சிறு உயிரிகளைப் பொறுக்கும். கலப்புப் பிள்ளை ஆய்வகத்தில் நன்றாக வளர்கிறது, ஏரியில் இரண்டு தொழிலிலும் அரைகுறையாகித் தேய்கிறது. பெண் மீன் தன் உடல்வாகு உள்ள ஆணையே விரும்புகிறது. டால்ஃப் ஷ்லூட்டரும் சகாக்களும் 2000இல் ஒரு சோதனை செய்தார்கள். ஓர் ஏரியின் பருமன் வகைப் பெண்ணுக்கு, முற்றிலும் வேறு ஏரியின் பருமன் வகை ஆணைக் காட்டினால் ஏற்றுக்கொள்கிறது. தன் சொந்த ஏரியின் ஒல்லி ஆணைத் தட்டிக்கழிக்கிறது. சொந்த ஊர்க்காரனைவிட அதே தொழில் பார்க்கும் வெளியூர்க்காரன் மேல் என்ற கணக்கு!

சிக்லிட் மீன்கள் என்கிறார்களே, அவை நம் ஊரில் உண்டா?

தாராளமாக. சந்தையில் வாங்கும் ஜிலேபி மீன் சிக்லிட்தான். ஆப்பிரிக்காவிலிருந்து 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, இன்று எந்தக் குளத்தில் வலை வீசினாலும் அகப்படுகிறது. இந்தியாவைப் பூர்வீகமாகக் கொண்ட சிக்லிட்டும் உண்டு, கேரளத்தின் கரிமீன். அதன் நெருங்கிய உறவினர் மடகாஸ்கரில் வாழ்கிறார்கள்.

அடுத்த முறை ஜிலேபி வாங்கினால் தலையைக் குழம்பில் போடுவதற்கு முன் செவுள்களை நீக்கித் தொண்டையைத் திறந்து பாருங்கள். உள்ளே முக்கோண வடிவில் ஒரு சின்ன எலும்பு, மேல்பக்கம் முழுக்க ஊசி ஊசியாகப் பல். விரலை வைத்துத் தடவினால் பூனை நாக்கு போலச் சொரசொரக்கும். அது இரண்டாவது தாடை. வாயிலுள்ள தாடை இரையைப் பிடிக்க, தொண்டையிலுள்ளது அரைக்க. அரைக்கும் வேலை உள்ளே போய்விட்டதால் வாய்த் தாடை எந்த வடிவத்துக்கும் மாறச் சுதந்திரம் கிடைத்தது. நத்தை ஓட்டை உடைப்பவை, பாறைப்பாசியைச் சுரண்டுபவை, பிற மீனின் செதிலைக் கடித்துத் தின்பவை என்று சிக்லிட்டுகள் ஆயிரக்கணக்கான இனங்களாகப் பிரிந்ததற்கு இது ஒரு முக்கிய காரணம்.

விக்டோரியா ஏரியில் 500 இனங்கள் 15,000 ஆண்டுகளில் தோன்றின என்பது நிஜமா?

ஆம். கென்யா, உகாண்டா, தான்சானியா மூன்றுக்கும் நடுவிலுள்ள விக்டோரியா ஏரி, சுமார் 15,000 ஆண்டுகளுக்கு முன் வறண்டு கிடந்தது. ஏரி அடியில் துளைத்தெடுத்த மண்ணில் அதற்குச் சான்று இருக்கிறது. இன்று அங்கே அந்த ஏரிக்கே உரிய சிக்லிட் இனங்கள் சுமார் 500. இவ்வளவு குறுகிய காலத்தில் இத்தனை இனங்களுக்கான பிறழ்வுகள் எங்கிருந்து வந்தன என்று பல காலம் யாருக்கும் விளங்கவில்லை.

2017இல் வந்த விடை அழகானது. ஜோவானா மையர், ஓலே ஸீஹவுசன் முதலானோர் மரபணுத் தொகுதிகளைப் படித்தபோது, இந்த மீன்கள் அனைத்துக்கும் மூதாதை ஒரு கலப்பினம் என்று தெரிந்தது. காங்கோ ஆற்றுப் பக்கமிருந்து ஒரு பரம்பரை, மேல் நைல் பக்கமிருந்து ஒரு பரம்பரை. நெடுங்காலம் பிரிந்திருந்த இரண்டும் சுமார் ஒன்றரை லட்சம் ஆண்டுகளுக்கு முன் சந்தித்துக் கலந்தன. இரண்டு வீட்டுச் சீட்டுக்கட்டுகளை ஒன்றாகக் குலுக்கியது போல, புதுச் சீட்டு ஒன்றுகூட இல்லாமலே எண்ணற்ற புதுக் கைகள் கிடைத்தன. கலப்பு இனங்களை அழிக்கும் என்பதற்கு மேலே கெண்டையைச் சொன்னேன். இங்கே கலப்பே இனங்களுக்கு விதையாகியிருக்கிறது. இரண்டும் உண்மை.

மீனின் நிறத்துக்கும் புதிய இனம் உண்டாவதற்கும் என்ன தொடர்பு?

விக்டோரியா ஏரியின் பாறைக் கரைகளில் புண்டமிலியா என்ற பேரினத்தில் இரண்டு இனங்கள். ஒன்றில் ஆண் நீலம், மேல் நீரில் வாழும். மற்றதில் ஆண் சிவப்பு, கொஞ்சம் ஆழத்தில் வாழும். சிவப்பு இனத்துக்குத் தான்சானியாவின் முதல் ஜனாதிபதி ஜூலியஸ் நைரேரேயின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இரண்டிலும் பெண் மீன்கள் மங்கல் நிறம்தான்.

அந்த ஏரி நீரில் மிதக்கும் துகள்கள் நீல ஒளியை விரைவில் விழுங்கிவிடும். ஆழம் போகப் போக எஞ்சுவது சிவந்த ஒளி. கண்ணில் சிவப்புப் பக்க ஒளியை உணரும் புரதத்தை உருவாக்கும் மரபணு எல்டபிள்யூஎஸ். ஆழத்து மீன்களிடம் இதன் சிவப்பைக் கூர்மையாகப் பார்க்கும் வடிவம், மேல்நீர் மீன்களிடம் வேறு வடிவம். இனி கணக்கு சுலபம். ஆழத்துப் பெண்ணின் கண்ணுக்குச் சிவப்பு ஆண் எடுப்பாகத் தெரிகிறான், மேலே உள்ளவளுக்கு நீல ஆண். கண் மாறியதால் ருசி மாறியது, ருசி மாறியதால் கூட்டம் பிரிந்தது. நடுவில் மலையும் இல்லை, அணையும் இல்லை. ஒரே பாறைச் சரிவில் சில மீட்டர் மேலும் கீழும். இந்த மரபணுவின் இரண்டு வடிவங்களும்கூட அந்தப் பழைய கலப்பில் காங்கோவும் நைலும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தவைதான்.

நீர் கலங்கினால் என்ன ஆகும்?

இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. காடழிப்பு, உரம், கழிவு எல்லாம் சேர்ந்து விக்டோரியா ஏரியில் பாசி பெருகி நீர் கலங்கியது. ஸீஹவுசன் 1997இல் காட்டியது போல, கலங்கிய இடங்களில் ஆண்களின் நிறம் மங்கியிருந்தது, இனங்களின் எண்ணிக்கையும் குறைந்திருந்தது. பெண்ணுக்கு நிறம் தெரியவில்லை. தெரியாவிட்டால் தேர்ந்தெடுக்க முடியாது. தொட்டியில் ஒரே நிற விளக்கைப் போட்டுச் சோதித்தபோதும் பெண் மீன்கள் இரண்டு இன ஆண்களோடும் வேறுபாடில்லாமல் இணைசேர்ந்தன. ஏரியில் அதுவே நடந்தால் இரண்டு இனம் கரைந்து ஒன்றாகிவிடும். ஒரு மீன்கூடச் செத்து மிதக்காமல் ஓர் இனம் இல்லாமல் போகலாம் என்பதை நாம் இன்னும் போதுமான அளவு உணரவில்லை.

செத்து மிதந்ததும் உண்டு. 1950களில் அங்கே நைல் பெர்ச் என்ற பெரிய மீனைக் கொண்டுவிட்டார்கள். நம் கொடுவா மீனின் நெருங்கிய உறவு. 1980களில் அது பெருகியபோது சிக்லிட் கூட்டங்கள் சரிந்தன. 200 இனங்கள் வரை அழிந்திருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள்.

குகையில் வாழும் மீனுக்குக் கண் போய்விடுவது, பயன்படுத்தாததாலா?

பயன்படுத்தாததால் உறுப்பு தேய்ந்து அது பிள்ளைக்குப் போவதில்லை. மெக்சிகோவில் ஒரு மீன், ஆற்றில் கண்ணோடும் நிறத்தோடும் இருக்கிறது. சுமார் முப்பது குகைகளில் அதே மீன் கண்ணின்றி வெளிறி இருக்கிறது. முட்டைக்குள் கண் வளரத் தொடங்கிப் பாதியில் அழிந்துவிடுகிறது. யமமோட்டோ, ஜெஃப்ரி இருவரும் 2000இல் ஆற்று மீன் கருவின் கண் வில்லையை எடுத்துக் குகை மீன் கருவில் ஒரு பக்கம் வைத்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பெரிய கண் வளர்ந்தது. இன்னொன்று: இரண்டு வெவ்வேறு குகைகளின் குருட்டு மீன்களை இணைசேர்த்தால் சில குஞ்சுகளுக்குப் பார்வை வருகிறது. இரு குகைகளிலும் வெவ்வேறு மரபணுக்கள் கெட்டிருப்பதால் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கேட்க விரும்பும் செய்தியும் இதில் உண்டு. சில குகைகளின் மீன்களில் இன்சுலின் ஏற்பியில், அதாவது இன்சுலினின் செய்தியை வாங்கும் புரதத்தில், பிறழ்வு இருக்கிறது. ரத்தச் சர்க்கரை ஏறுகிறது, ஆனால் அவை நோயில்லாமல் நீண்ட நாள் வாழ்கின்றன. எப்படி என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

நம் ஆறுகளில் புதிய இனங்கள் உருவாகியிருக்கின்றனவா?

நிச்சயமாக. தாமிரபரணி வடிநிலத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு கெண்டை வகை இருக்கிறது. அறிவியல் பெயர் டாக்கின்சியா தம்பிரபர்னியை. ஆணின் முதுகுத் துடுப்பிலிருந்து நூல் நூலாகக் கதிர்கள் நீண்டிருக்கும். அதன் உறவு இனம் ஒன்று காவிரியில். ஓர் ஆற்றுக்கும் இன்னோர் ஆற்றுக்கும் நடுவே மலை இருந்தால் மீனுக்கு அது கடலைவிடப் பெரிய தடை. பிரிந்த கூட்டங்களில் மாற்றங்கள் தனித்தனியாகச் சேர்ந்து, காலப்போக்கில் தனி இனமாகின்றன. கேரளத்தின் செம்பாறை நிலத்துக் கிணறுகளில் கண்ணற்ற நிலத்தடிக் கெளுத்திகளும் உண்டு.

ஆனால் ஸ்டிக்கில்பேக்குக்கு நடந்த அளவு மரபணு ஆய்வு நம் மீன்களுக்கு நடக்கவில்லை. எனக்கு இது பெரிய குறையாகத் தெரிகிறது. துடுப்பின் நுனியில் ஓர் அரிசி அளவு வெட்டி எத்தனால் சாராயத்தில் போட்டால் ஆய்வுக்குப் போதும், மீனைத் திரும்ப ஆற்றில் விட்டுவிடலாம்.

கரைந்துபோன இனத்தைத் திரும்பக் கொண்டுவர முடியுமா?

ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா எல்லையிலுள்ள கான்ஸ்டன்ஸ் ஏரியில் ஆழத்தில் மட்டும் வாழ்ந்த ஒரு வெண்மீன் இனம் இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் சாக்கடையும் சோப்புத்தூளும் சேர்ந்து ஏரியில் பாஸ்பரஸ் ஏறியது, அடியில் ஆக்சிஜன் குறைந்தது, அங்கே இட்ட முட்டைகள் பிழைக்கவில்லை. ஆழத்து மீன் மேலே வந்து மற்ற வெண்மீன்களோடு கலந்தது. 1970களுக்குப் பிறகு அதை யாரும் பார்க்கவில்லை.

ஏரி கெடுவதற்கு முன் பிடித்த மீன்களின் செதில்களை யாரோ உலர்த்தி எடுத்து வைத்திருந்தார்கள். அந்தக் காய்ந்த செதில்களிலிருந்து டி.என்.ஏ. பிரித்து, இன்றைய மீன்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2022இல் வெளிவந்தது. அழிந்த இனத்தின் மரபணு வடிவங்களில் ஒரு பகுதி இன்னும் உயிரோடு, மற்ற வெண்மீன்களின் உடலில் சிதறிக் கிடக்கிறது. கழிவுநீரைச் சுத்திகரிக்கத் தொடங்கியதால் கான்ஸ்டன்ஸ் ஏரி இப்போது மறுபடி தெளிவாக இருக்கிறது. ஆழத்திலும் ஆக்சிஜன் திரும்பிவிட்டது. அந்த வடிவங்கள் மறுபடி ஒரே உடலில் ஒன்றுசேர்ந்து ஆழத்துக்கு ஒரு மீனைத் தருமா என்பதற்கு இன்னும் பல தலைமுறை மீன்கள் முட்டையிட வேண்டும். இப்போதைக்கு அந்த இனம் ஏரியில் இல்லை.